பானைக்குச் சொன்ன சேதிகள்

“பிளேன்டீ ஒன்று, துவ. சீனி போட வேண்டாம். கித்துள் கருப்பட்டி இருந்தால் ஒரு துண்டு கையில் கொடு.”

அவர் முதலில் சொன்னது அதுதான். சிங்களத்தில் சொன்னார். துவ என்றால் மகள். நல்லதண்ணியில் பஸ்ஸை விட்டு இறங்கி யாத்திரிகர்கள் மலை ஏறப் போகும் பாதையில், தகரம் அடித்த அந்த சீசன் கடையில் அப்போது வேறு ஆள் இல்லை. வார நாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. தூறல் வேறு. கல்லாவில் இருந்த நிலக்ஷி கருப்பட்டியை உடைத்து ஒரு சின்னத் தட்டில் வைத்துக் கொடுத்தாள்.

“மலைக்கு ஏறுகிறீர்களா சேர்?” என்று அவளும் சிங்களத்திலேயே கேட்டாள்.

“இந்த முழங்காலை வைத்துக்கொண்டா? கீழே நின்று கும்பிட்டாலே போதும் என்று மலையைக் காக்கும் சமன் தெய்வம் எனக்குச் சலுகை கொடுத்திருக்கிறது.”

கருப்பட்டியைக் கடித்து ஒரு வாய் தேநீர் குடித்தார். அந்த நேரம் பார்த்து தகரத் தடுப்புக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. அது தமிழ்.

“ஏன்டி, உனக்கு என்னாடி அவசரம்? ஆளே வரல, அதுக்குள்ள பொங்கி ஊத்துற. எவன் உன்னக் கழுவுறது? எனக்கு இருக்கிறது ரெண்டு கைதான்.”

அவர் கோப்பையைப் பலகையில் வைத்தார். கருப்பட்டித் துண்டு கையிலேயே இருந்தது.

“உள்ளே யாரோடு சண்டை?”

“பானையோடு சேர். என் பெரியப்பாவுக்கு அப்படி ஒரு பழக்கம்.”

“பானை பதில் சொல்லுமா?”

“இதுவரைக்கும் இல்லை.”

அவர் சிரிப்பார் என்று அவள் நினைத்தாள். சிரிக்கவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்து, அடுத்த வார்த்தைக்காகக் காத்திருப்பவர் போல இருந்தார். பிறகு கேட்டார்.

“பெரியப்பாவின் பெயர் என்ன?”

சும்மா கேட்கிற குரல் அல்ல அது. நிலக்ஷி எதிர்க்கடைப் பக்கம் பார்வையைத் திருப்பினாள்.

“மூக்கன்,” என்றாள்.

“எந்த ஊர்?”

“இங்கேதான் சேர். பக்கத்துத் தோட்டத்தில்தான் பிறந்தார்.”

“வன்னிப் பக்கம் இருந்திருக்கிறாரா?”

“இல்லை சேர். அட்டனுக்கு அங்கிட்டுப் போனதில்லை.”

“நல்லது,” என்றார். சற்று நேரம் மழையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். “நான் விமானப்படையில் விமானியாக இருந்தவன். பல வருடம் வடக்கில் கைதியாக இருந்தேன். பொல்பிட்டியவில் வீடு. லலித் கொடிதுவக்கு என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். பௌர்ணமிப் போயாக் கூட்டம் குறைந்ததும் மறுபடி வருகிறேன்.”

எழுந்து, இடது காலைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டே, குடையை விரித்து இறங்கிப் போனார். கோப்பையில் பாதித் தேநீர் மிச்சம் இருந்தது.

பெரியப்பாவின் பெயர் மூக்கன் அல்ல, சோலைமலை. பிறந்தது இறம்பொடைப் பக்கத்துத் தோட்டம். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தோட்டத்து வரிசை வீடான லயம் எரிந்தபோது, கையில் கிடைத்த துணிமணியோடு மனைவி ஜெயலெட்சுமியைக் கூட்டிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போனவர். சண்டை முடிந்து அகதி முகாம் கூடாரத்திலிருந்து வெளியே வந்ததும் இறம்பொடையில் மகள் வீட்டோடு இருந்தார்கள். போன வருடம் நிலக்ஷியின் அப்பா காலமாகிவிட, தம்பி நடத்திய சீசன் கடை மூடிக் கிடக்கக் கூடாது என்று இருவரும் நல்லதண்ணிக்கு வந்தார்கள். கல்லாவுக்கும், வருகிற சிங்கள யாத்திரிகர்களோடு பேசுவதற்கும் நிலக்ஷி. அவள் சாதாரண தரப் பரீட்சை வரை மஸ்கெலியாவில் தமிழிலும், அதற்குப் பிறகு கினிகத்தேனையில் சிங்களத்திலும் படித்தவள். இரண்டு மொழியிலும் தேவைக்கு மேல் பேசமாட்டாள்.

கிளிநொச்சியில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று யார் கேட்டாலும் பெரியப்பாவிடம் ஒரே பதில்தான். “ரைஸ் மில்லுங்க.”

அன்று கடையை அடைத்துவிட்டு வந்தபோது நிலக்ஷி நடந்ததைச் சொன்னாள். ஜெயலெட்சுமி கையில் இருந்த கிழங்கை அப்படியே தண்ணீருக்குள் போட்டுவிட்டாள்.

“விமானின்னு அவனே சொன்னானா?”

“சொன்னாரு.”

“கைதியா இருந்தேன்னும் சொன்னானா?”

“ஆமா பெரியம்மா.”

“முடிஞ்சிச்சு. நம்ம குடி கெட்டுச்சு.”

அப்போதுதான் நிலக்ஷிக்கு விஷயம் தெரிந்தது. ரைஸ் மில் பொய் இல்லை. ஆனால் அது முதல் சில வருடங்கள்தான். மில் நின்றுபோனதும் இயக்கத்துக்காரர்கள் பெரியப்பாவைச் சமையலுக்குக் கூட்டிப்போனார்கள். பிடிபட்ட படையினரை அடைத்து வைத்த முகாம் ஒன்றில் அவர் வருடக்கணக்காகச் சோறு வடித்தார். துப்பாக்கியைத் தொட்டவர் இல்லை. ஆனாலும் கடைசியில், கூடாரத்தில் இராணுவம் ஆட்களைப் பிரித்துப் பிரித்து விசாரித்தபோது, பயத்தில் ரைஸ் மில் என்று சொல்லிவிட்டார். அவரைப் பிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பதிலை மாற்ற வழியும் இல்லை. அவர் கையால் சாப்பிட்ட ஒருவன் எழுந்து நின்று இந்த ஆள்தான் என்று விரலை நீட்டினால் போதும். ஏன் மறைத்தாய் என்று தொடங்குகிற கேள்வி எங்கே போய் முடியும் என்று சொல்ல முடியாது.

“யாருன்னு ஞாபகம் இருக்கா?” என்று ஜெயலெட்சுமி கணவனிடம் கேட்டாள்.

“எத்தனையோ பேருக்குப் போட்டேன்,” என்றார் சோலைமலை. “ஒருத்தன் உப்பு பத்தலம்பான். ஒருத்தன் தட்டத் தள்ளி விடுவான். எவனுக்கு எம்மேல என்னா கோவமோ.”

“யார் மேலயாச்சும் கை வச்சீங்களா? மறைக்காம சொல்லுங்க.”

அவர் யோசித்தார். “ஒரே ஒரு தரம். ஒருத்தன தோள்ல ஒண்ணு போட்டேன்.”

“ஐயோ, எதுக்கு?”

“வெறகு தூக்கத் தெரியல அவனுக்கு.”

“நல்லாருக்கு. பிளேன் ஓட்டினவன வெறகுக்காக அடிச்சிட்டு, இப்ப இங்க ஒக்காந்து டீ ஊத்துறீங்க. அவன் தேடி வராம வேற யாரு வருவா?”

சோலைமலை குடையைத் தேடி எடுத்து வைத்தார். மறுநாள் முதல் பஸ்ஸில், அந்தக் குடையும் மாற்றிக் கட்ட ஒரு சாரமுமாக இறம்பொடைக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

நிலக்ஷிக்கு வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. ஊரையும் பெயரையும் அந்த மனிதரே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். போய், எங்களை விட்டுவிடுங்கள் என்று கேட்பதுதான் செய்யக்கூடியது. பெரியம்மாவிடம் மஸ்கெலியாவுக்குச் சாமான் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, அங்கிருந்து நோர்ட்டன் பிரிட்ஜ் வழியாகப் பொல்பிட்டியவுக்கு பஸ் ஏறினாள். பேச வேண்டியதைச் சிங்களத்தில் கோத்து, வழி முழுவதும் மனத்துக்குள் ஒப்பித்துக்கொண்டே போனாள்.

மின்நிலையத்தைத் தாண்டி ஒரு சரிவில் வீடு. சுற்றிலும் மரங்களில் மிளகுக் கொடி. அவர் ஏணியில் நின்று ஒரு கொடியைக் கட்டிக்கொண்டிருந்தார். நல்ல மழை. நிலக்ஷி கேட்டருகிலேயே நின்று தொடங்கினாள்.

“சேர், எங்கள் பெரியப்பா வயதானவர். நீங்கள் தேடுகிற ஆள் அவர் இல்லை. தயவுசெய்து…”

“உள்ள வா புள்ள. நனையாத,” என்றார் அவர், ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டே.

தமிழில் சொன்னார். கடையில் சிங்களத் துரை போல உட்கார்ந்திருந்தவர் வாயிலிருந்து, லயத்துப் பேச்சு, அட்சரம் பிசகாமல். அவள் கோத்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது.

முன் அறைச் சுவரில் ஒரே ஒரு படம். பொட்டும் மூக்குத்தியும் வைத்த ஒரு வயதான பெண்.

“எங்கம்மா. வீரம்மா. வட்டவளப் பக்கம் தோட்டம். தேயிலைக் கொழுந்து பறிக்கிறதுல பேரு எடுத்தவ.”

அப்புறம் அவர் தன் கதையைச் சொன்னார். தமிழில்தான் சொன்னார். ஆனால் அது பதினொரு வயதுப் பையனின் தமிழ். பெரியவர்கள் பேசும் சொற்கள் வேண்டிய இடத்தில் தடுக்கி, சிங்களத்தைத் துணைக்கு எடுத்துக்கொண்டார்.

வட்டவளைக்கு மின்கம்பி இழுக்க வந்த சிங்கள வேலையாள் ஒருவர் வீரம்மாவைக் கட்டிக்கொண்டார். பையனுக்கு அப்பா லலித் என்று பதிந்தார். அம்மா அழகன் என்று கூப்பிட்டாள். அப்பா கம்பி போகும் ஊருக்கெல்லாம் போய்க்கொண்டிருந்ததால், பையன் பதினொரு வயது வரை அம்மாவின் லயத்தில் வளர்ந்தான். தோட்டப் பள்ளிக்கூடத்தில் தமிழ் எழுத்துப் படித்தான். அம்மாவோடு விறகுக்குப் போனான். பிறகு அப்பாவுக்குப் பொல்பிட்டிய மின்நிலையத்தில் நிரந்தர வேலை கிடைக்கவே, மூவரும் இங்கே வந்தார்கள். சிங்களப் பள்ளிக்கூடம். வீட்டில் அம்மா தமிழில் கேட்பாள், அவன் சிங்களத்தில் பதில் சொல்வான். இரண்டு பேருக்கும் அது பழகிப்போனது.

விமானப்படைக்கு ஆள் எடுக்கும் விளம்பரத்தைப் பத்திரிகையில் பார்த்தவர் அப்பா. மகனுக்குக் கண் நன்றாக இருந்தது, கணக்கு நன்றாக வந்தது, எடுத்துக்கொண்டார்கள். அவருக்குக் கிடைத்தது சாமான் ஏற்றும் விமானம். அரிசி, தபால், லீவில் போகும் சிப்பாய்கள், காயப்பட்டவர்கள்.

“அம்மா லயத்துல போயி, எம்மவன் லொறி ஓட்டுறான், ஆனா மேலன்னு சொல்லுமாம். சரியாத்தான் சொல்லியிருக்கு. லொறிதான் அது.”

ஒரு நாள் வடக்கில் அந்த லொறி கிளம்பிய சற்று நேரத்தில் அடிபட்டது. கடலோரக் களப்பின் ஆழமில்லாத தண்ணீரில் வயிற்றால் இறக்கினார். உயிரோடு வெளியே வந்தவர்கள் இரண்டு பேர். கூட வந்த மெக்கானிக் அடுத்த நாள் இறந்துபோனார். லலித்தின் இடது முழங்கால் நொறுங்கியிருந்தது. பிடித்தவர்கள் முதலில் கேட்டது பெயர். அடுத்துக் கேட்டது, தமிழ் தெரியுமா.

அவர் இல்லை என்று தலையாட்டினார்.

“எதுக்குத் தலையாட்டினேன்னு எனக்கே தெரியாது புள்ள. பயம். தெரியாதுன்னு ஒரு தரம் சொல்லிட்டா, அப்புறம் தெரியும்னு எப்புடிச் சொல்றது? நமக்கு முன்னாடியே எல்லாம் பேசுறாங்க. எங்க போறாங்க, யாரு வர்றாங்க, எல்லாம். இவ்வளவு நாளா கேட்டுக்கிட்டா இருந்தன்னு கேட்டா, உளவாளின்னு முடிவு பண்ணிருவாங்க. அப்புறம் நான் இல்ல.”

அதில் கஷ்டமானது எது என்று நிலக்ஷி கேட்டாள். அவர் யோசிக்கவே இல்லை.

“சிரிக்காம இருக்கிறது. காவலுக்கு ஒரு பையன் இருந்தான். அவன் பகிடி சொன்னா கல்லும் சிரிக்கும். நான் செவுத்தப் பாத்துக்கிட்டு நாக்கக் கடிச்சிக்கிட்டு இருப்பேன்.”

அப்படி எத்தனையோ மாதம் ஓடியது. முழங்கால் ஒருவாறு ஒட்டி, நடக்க முடிந்ததும், மற்றவர்களோடு அவரையும் விறகு எடுக்கக் காட்டோரம் கூட்டிப்போனார்கள். வெட்டிப் போட்ட விறகை எல்லோரும் தோளில் தூக்கினார்கள். லலித் விறகைக் கட்டினார். குனிந்து முதுகில் ஏற்றினார். தோளில் கிடந்த சாக்குத் துண்டை மடித்து உச்சந்தலையில் வைத்து, கயிற்றை அதன் மேல் போட்டு இழுத்துக்கொண்டு நிமிர்ந்தார். கொழுந்துக் கூடையைத் தலைக் கயிற்றில் தொங்கவிட்டு நடக்கும் மலைநாட்டுப் பெண்கள் விறகையும் அப்படித்தான் கொண்டு வருவார்கள். அம்மாவிடம் பார்த்தது. கை தன்பாட்டில் செய்துவிட்டது. வன்னியில் அப்படித் தூக்குகிறவர் ஒருவரும் இல்லை. சிங்கள ஊர்களிலும் இல்லை.

காவலுக்கு நின்றவர்களுக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. கால் சரியில்லாதவன் ஏதோ கோணலாகத் தூக்குகிறான் என்று விட்டுவிட்டார்கள். ஆனால் விறகை வாங்க முன்னால் நின்ற சமையல்காரர் பார்த்துவிட்டார்.

“ஓடி வந்தாரு. கயித்தத் தட்டிவிட்டு, தோள்ல ஒண்ணு போட்டாரு. டேய், தோள்ல தூக்குன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் வெறகப் பொறுக்குற மாதிரி குனிஞ்சு, தோட்டத்து ஆளுங்க மாதிரி தூக்காத, பாத்துருவாங்கன்னு மெதுவா சொன்னாரு. நான் ஒண்ணும் பேசல. ஆனா வெறகத் தோளுக்கு மாத்தினேன். அது போதும் அவருக்கு.”

அன்றிலிருந்து சமையல்காரர் பானையோடு பேச ஆரம்பித்தார். கைதிகளின் கொட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு ஓலைத் தட்டிதான். சோலைமலை அகப்பையால் பானையின் விளிம்பில் தட்டுவார். பிறகு திட்டத் தொடங்குவார். அடியே, நாளைக்குச் செஞ்சிலுவைக்காரங்க வர்றாங்களாம், மூஞ்சியக் கழுவி வச்சிக்க. அடியே, உன்ன வேற எடத்துக்கு மாத்தப் போறாங்களாம், பயப்படாத, அங்கயும் அடுப்பு இருக்கும். இந்நேரம் நல்லதண்ணி சீசன் தொடங்கியிருக்கும், எந்தம்பி கடை போட்டிருப்பான், நீ அங்க இருந்திருந்தா சாமிக்குப் போறவன் கும்பிட்டுக் குடிச்சிருப்பான், இங்க வந்து கரி புடிச்சுக் கெடக்குற.

“சோலைமலை அண்ணை, பானை என்னவாம்?” என்று காவலுக்கு நிற்கிறவர்கள் கேட்பார்கள்.

“உப்பு கேக்குதுங்க தம்பி.”

“அண்ணைக்கு மண்டை கழண்டு போச்சுது,” என்று சிரித்துக்கொண்டு போவார்கள்.

ஒரு நாள் பானைக்கு வந்த சேதி இது. பேச்சுவார்த்தையாம்டி. விட்டுருவாங்க போல. பொறுமையா கொதி.

விட்டார்கள். கொழும்புக்குக் கொண்டுபோய் வாரக்கணக்கில் விசாரித்தார்கள். யார் காவல், யார் பொறுப்பு, யார் சமைத்தது. சமைத்தவன் பானையோடு பேசுகிற ஒரு பைத்தியம், பெயர் தெரியாது என்று லலித் சொன்னார். பேசி வைத்திருந்த பெண் அதற்குள் வேறு கல்யாணம் செய்துகொண்டு இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகியிருந்தாள். அவரைக் காணவில்லை என்றுதானே சொன்னார்கள், அவள் மேல் தப்பில்லை என்றார். முழங்காலால் மறுபடி பறக்க விடவில்லை. களஞ்சியத்தில் கொஞ்ச காலம் வேலை. பிறகு ஓய்வு. பொல்பிட்டியவில் மிளகு.

அம்மா மட்டும் விடவில்லை. சோறு போட்டது யாரு, சோறு போட்டது யாரு என்று தினமும் கேட்டாள். கடைசியில் அவளிடம் மட்டும் பெயரைச் சொன்னார்.

“அந்த மனுசன ஒரு நாளைக்கு ஒக்கார வச்சு, நம்ம கையால போட்டு, அவரு திங்கிறத நான் பாக்கணும்னு சொல்லிச்சு. சண்டை முடிஞ்சு ரெண்டு வருசத்துல அம்மா செத்துப் போயிருச்சு. நான் எங்கன்னு தேடுறது? யாருகிட்டக் கேட்டாலும், அவரக் காட்டிக் குடுக்குற மாதிரி. ஒரு எடத்துலயும் வாயத் தெறக்கல. நல்லதண்ணி சீசன்னு பானைகிட்டச் சொன்னது மட்டும் ஞாபகம். வருசா வருசம் வந்து, கடைகடையா டீ குடிச்சிக்கிட்டு ஒக்காந்திருப்பேன். டீ நல்லாருந்தது உங்க கடையிலதான்.”

“அன்னைக்கு என்கிட்ட விமானப்படைன்னு ஏன் சேர் சொன்னீங்க? நாங்க எவ்வளவு பயந்துட்டோம்.”

“வேற என்னான்னு சொல்றது? பொய் சொல்லத் தொடங்கினா நிறுத்த ஏலாது, எனக்குத் தெரியும். ஆனா நீ நல்லா பொய் சொன்ன புள்ள. என்னா, எதுத்த கடைப் பலகையப் பாத்துக்கிட்டுச் சொன்ன. மூக்கன் ஹோட்டல். எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும்.”

நிலக்ஷிக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் சத்தமாகச் சிரித்தார். கிளம்பும்போது கேட் வரைக்கும் குடை பிடித்துக்கொண்டு வந்து, ஒரு சின்ன உதவி கேட்டார். அவள் சரி என்று தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்து பெரியம்மாவிடம், “அந்தாளப் பத்தி விசாரிச்சுட்டேன். யாரையும் காட்டிக் குடுக்குற ஆள் இல்ல. பெரியப்பாவ வரச் சொல்லுங்க,” என்று மட்டும் சொன்னாள்.

“நீ எப்புடிடி விசாரிச்ச? வாய் தெறந்து பேசவே மாட்ட.”

“சிங்களத்துல விசாரிச்சேன்.”

ஜெயலெட்சுமி அதை எவ்வளவு நம்பினாளோ தெரியாது. ஆனால் போயாக் கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது, அவள் வடித்த சோறு இரண்டு நாள் அடிப்பிடித்துவிட்டது. சோலைமலைக்குச் செய்தி போனது. அவர் வந்தார். வந்த முதல் வேலையாகப் பானையிடம் சுகம் விசாரித்தார். கடைக்கு யாராவது வயதானவர் நொண்டி நொண்டி வந்தால் மட்டும் தடுப்புக்குப் பின்னால் சத்தம் அடங்கிவிடும்.

கூட்டம் குறைந்த பிறகு ஒரு காலை. கடையில் விறகு இல்லை.

“நேத்தே சொன்னேன்ல, வெறகு எடுத்து வையின்னு?” ஜெயலெட்சுமி கத்தினாள். “படிச்ச புள்ள, ரெண்டு பாசை தெரிஞ்ச புள்ள, ஒரு கட்டு வெறகு வாங்கி வைக்கத் தெரியல.”

“மறந்துட்டேன் பெரியம்மா.”

“மறப்ப மறப்ப. சோறு மறக்குதா?”

உள்ளே சோலைமலை பானையைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். “கோவிச்சுக்காதடி. அவ சின்னப்புள்ள. இருக்கிற சூட்டுல கொஞ்சம் சமாளி.”

அப்போது பாலத்துப் பக்கத்திலிருந்து ஒரு ஆள் ஏறி வருவது தெரிந்தது. குனிந்து வந்தார். முதுகில் ஒரு கட்டு விறகு. உச்சந்தலையில் மடித்த சாக்கு, அதன் மேல் இழுத்துப் பிடித்த கயிறு. ஒரு கால் மடங்காமல் இழுபட்டது. கையில் ஒரு டிபன் கேரியர்.

“யாருங்க அது, கொழுந்துக்குப் போற பொம்பள மாதிரி கயிறு போட்டுக்கிட்டு வர்றது?” என்றாள் ஜெயலெட்சுமி.

அகப்பையோடு சோலைமலை வெளியே எட்டிப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார். அந்த ஆள் கடை வாசலுக்கு வந்து, மூச்சு வாங்க நின்றார். விறகை இறக்கவில்லை.

“டேய்!” என்றார் சோலைமலை.  அகப்பையை உயர்த்திக்கொண்டு, பாதை முழுக்கக் கேட்கிற மாதிரி மறுபடி கத்தினார். “டேய், தோள்ல தூக்கு!”

எதிர்க்கடை மூக்கன் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். சோலைமலை விறுவிறு என்று உள்ளே போய்விட்டார். தடுப்புக்குப் பின்னால் அகப்பை பானையில் தட்டும் சத்தம் கேட்டது.

“பாத்தியாடி. இம்புட்டு வருசமாச்சு, இன்னும் வெறகு தூக்கத் தெரியல.”

“எங்கம்மா சொல்லிக் குடுத்தது. அப்புடித்தான் வரும்,” என்றார் லலித் வெளியிலிருந்து.

தமிழில், தெருவுக்குக் கேட்கும்படி சொன்னார். விறகு இன்னும் முதுகில்தான் இருந்தது.

“அடியே, பேசுதுடி! நாம ஊமைன்னுல்ல நெனச்சோம். பேரு என்னான்னு கேளு. இத்தன வருசம் சோறு போட்டேன், பேரு தெரியாது.”

“அழகன்.”

“பொய் சொல்றான் பாரு. அந்த மூஞ்சிக்கு அழகனாம்.”

“என்னாங்க, பெரிய மனுசனப் போயி!” என்று ஜெயலெட்சுமி பதறினாள். அவளை யாரும் கவனிக்கவில்லை. உள்ளே அகப்பை பானைக்குள் ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு குரல் மெதுவாக வந்தது.

“கொழும்புல கேட்டிருப்பாங்களே, சமைச்சது யாருன்னு. என்னா சொன்னானாம்?”

“பானையோட பேசுற ஒரு பைத்தியம். பேரு தெரியாதுன்னு சொன்னேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லல. எங்கம்மாவத் தவர.”

அகப்பை ஒரு தரம் தட்டியது. “பைத்தியமாம்டி,” என்றார் சோலைமலை. “நல்லாத்தான் சொல்லியிருக்கான்.”

சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, லலித்தின் முதுகிலிருந்து விறகை அவரே இறக்கினார். இறக்கிவிட்டுக் கையை அந்தத் தோளிலேயே வைத்திருந்தார்.  மழை இல்லாத நல்ல வெயில் நாள் அது.

அப்புறம் சாப்பாடு. டிபன் கேரியரில் சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியும் தேங்காய்ச் சம்பலும். லலித் தானே சமைத்தது. பரிமாறவும் தானே நின்றார். சோலைமலைக்கு உட்காரக் கூச்சம். துரைமார் நிற்கத் தான் உட்கார்ந்து தின்னும் பழக்கம் அந்த வம்சத்திலேயே இல்லை என்றார்.

“ஒக்காருங்கண்ணே. நான் போடல, எங்கம்மா போடுது,” என்றார் லலித்.

சோலைமலை உட்கார்ந்தார். ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார். எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மென்று, விழுங்கி, நிமிர்ந்து சொன்னார்.

“உப்பு பத்தல.”

லலித்துக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியாமல், பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வாயை மூடவில்லை, சுவரைப் பார்க்கவும் இல்லை. சோலைமலை இரண்டாம் தரமும் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகும் லலித் வருகிறார். வந்தால் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு, பானைக்கு வரும் திட்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். மூக்கனுக்கு அவர் சோலைமலையின் பழைய ரைஸ் மில் கூட்டாளி. ஜெயலெட்சுமி மட்டும் அந்த விறகு விஷயத்தை இன்னும் விடவில்லை. நிலக்ஷியைக் குறை சொல்ல வேண்டிய போதெல்லாம் அதை எடுப்பாள். இவள நம்பி வீட்ட விட்டா, வந்த மனுசந்தான் வெறகு தூக்கணும் என்பாள். நிலக்ஷி பதில் சொல்வதில்லை.

பொல்பிட்டியவில் அன்று, கேட்டருகே குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, அவர் கேட்டது இவ்வளவுதான்:

“நான் வர்றேன்னு அவருகிட்டச் சொல்லாத புள்ள. பேரும் சொல்லாத. போயா முடிஞ்சு வர்ற செவ்வாக்கிழம காலையில, கடையில வெறகு மட்டும் இல்லாமப் பாத்துக்க.”